இழை எண்ணாத படங்கள்: செல்விக்கு ஒரு கடிதம்

கோத்தகிரி

அன்புள்ள செல்விக்கு,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. இங்கே உறைபனி இன்னும் விடவில்லை. தலைகுந்தா பக்கம் விடிகாலையில் புல்வெளி வெள்ளையாகத்தான் கிடக்கிறது. சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததிலிருந்து வார நாள் வியாபாரம் மந்தம் என்று ஊட்டிக் கடைக்காரர்களும் சொல்கிறார்கள். கொடைக்கானலில் உன் கடைக்குப் புதுச் சரக்கு தேடுவது எனக்குப் புரிகிறது.

ஆனால் செயற்கை நுண்ணறிவில் வரைந்தெடுத்த அந்தத் 'தோடர் டிசைன்' படங்களை அப்படியே துணியில் ஏற்றாதே. அழகாக இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை, சில படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. அவற்றைத் தைக்க முடியாது.

தோடர் பழங்குடியினரின் சால்வையான பூத்துக்குளியில் வேலை எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியும். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பும் கறுப்பும் நூல், ஒரு ஊசி. துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டமும் இல்லை, பென்சிலால் வரைந்துகொள்வதும் இல்லை. துணியின் பின்பக்கத்திலிருந்து பாவு என்ற நீள இழைகளையும் ஊடை என்ற குறுக்கு இழைகளையும் எண்ணி எண்ணித்தான் உரு எழும்புகிறது. ஒரு வரிசையில் ஓர் இழை தவறினால் அடுத்த வரிசை அந்தத் தவறின் மேல் ஏறி உட்காரும். சாய்வுக் கோடு முழுக்க விலகிப்போகும்.

படம் வரையும் மென்பொருளுக்கு இந்த எண்ணிக்கையே கிடையாது. வெறும் தாறுமாறான புள்ளிகளில் தொடங்கி, படிப்படியாக அந்தக் குழப்பத்தைக் களைந்து, பழகிய படங்களைப் போன்ற ஒன்றுக்கு வந்து சேர்கிறது. 2022-இல் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற மென்பொருளையே எடுத்துக்கொள். 512-க்கு 512 புள்ளியுள்ள படத்தை அது உள்ளே 64-க்கு 64 கட்டமாகச் சுருக்கி வைத்துத்தான் வேலை செய்கிறது. அங்குலத்துக்கு 20 இழை, 40 அங்குல அகலம் என்றால் துணியில் 800 இழை. படத்தில் இருப்பதோ 512 புள்ளி. இழைக்கு ஒரு புள்ளிகூட இல்லாத இடத்தில் தையல் எங்கிருந்து வரும்? பிறகு வந்தவை பெரிதாக வரைகின்றன, ஆனாலும் அவை வரைவது தையலின் சாயலைத்தான். நீ அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்: இடது ஓரத்தில் முழு வைரம், வலது ஓரத்தில் அரை வைரம், நடுவில் ஒரு கறுப்புக் கோடு போகப் போகச் சிவப்பாகிவிடுகிறது. கர்நாடகத்தின் கசூதித் தையலும் குஜராத்தின் கட்ச் தையலும் கலந்த வாடையும் அடிக்கிறது. தோடர்களே ஏறத்தாழ 2,000 பேர்தான். அவர்கள் வேலையின் படங்கள் இணையத்தில் எவ்வளவு இருந்துவிடும்? குறைகிற இடத்தை மற்றவர்களின் பூவேலையால் அது நிரப்பிவிடுகிறது.

தைக்கிறவர் முடிவெடுக்கும் இடங்களைச் சொல்கிறேன். பட்டையில் 100 இழை, உரு ஒன்றுக்கு 14 இழை என்று வைத்துக்கொள். ஏழு உரு போட்டால் 98 போய் இரண்டு மிஞ்சும். ஓரத்துக்கு ஒன்றாக விடலாம், நடு இடைவெளியை இரண்டு கூட்டலாம், உருவையே 12 இழையாகக் குறுக்கி எட்டுப் போட்டு மிஞ்சும் நான்கைப் பங்கிடலாம். மூன்றும் மூன்று விதமான சால்வை. பாவும் ஊடையும் ஒரே நெருக்கமாக இல்லாவிட்டால் இன்னொரு சிக்கல்: பாவு அங்குலத்துக்கு 20, ஊடை 16 என்றால், கட்டத்தாளில் 40-க்கு 40 ஆக வரைந்த வைரம் துணியில் 2 அங்குல அகலம், இரண்டரை அங்குல உயரம் என்று நீண்டுவிடும். உயரத்தை 32 வரிசையாகக் குறைத்தால்தான் சரியாகும். தையல் 10 இழையைத் தாண்டினால் அரை அங்குலம் தொங்கும், மோதிரத்தில் மாட்டும். இவையெல்லாம் கற்பனையின் வேலைதான், செல்வி. துணி கையில் இருந்தால்தான் அந்தக் கற்பனை ஓடும்.

இயந்திரத்தை ஒதுக்கவே சொல்லவில்லை. படம் கேட்பதை விட்டுவிட்டு, உரையாடும் மென்பொருளிடம் சின்னதாக ஒரு பைத்தான் நிரல் கேள். உருவின் இடது பாதியைத் தைக்கிறவரே கட்டத்தாளில் போடட்டும். தையலுக்கு 1, வெற்றிடத்துக்கு 0. வலது பாதியை நிரல் கண்ணாடிபோல் திருப்பட்டும், 10-க்கு மேல் தொடர்ந்து 1 வரும் வரிசைகளைக் காட்டட்டும், உன் துணியின் நெருக்கத்துக்கு உயரத்தைச் சரிசெய்யட்டும். கட்டங்களை நேரடியாக எண்ணித் தரச் சொல்லாதே. எழுத்தை அது டோக்கன் என்ற துண்டுகளாகத்தான் வாங்குகிறது. பத்துச் சுழியம் ஒரே துண்டாகவும் போகலாம், மூன்றாகவும் போகலாம். பன்னிரண்டு கேட்டால் பதின்மூன்று வரலாம், அதுவும் உறுதியான குரலில் வரும். நிரல் எண்ணினால் சரியாக எண்ணும்.

இனி மனிதக் கற்பனைக்கு என்ன மிச்சம் என்று கேட்டிருந்தாய். தோடர் பாட்டை நினைத்துப் பார். 1930-களில் மொழியியலாளர் எமெனோ இங்கே வந்து கேட்டுக் குறித்தவை: மூன்று அசைத் துண்டுகள், ஒவ்வொரு சொற்றொடருக்கும் ஒரு இணை, பெரும்பாலும் வழிவழியாக வந்த தொடர்கள். அந்தப் பழைய துண்டுகளைக் கொண்டே நேற்று நடந்ததைப் பற்றிப் புதுப் பாட்டுக் கட்டினார்கள். அதனால் பழையதைச் சேர்த்துக் கட்டுகிறது என்று மட்டும் சொல்லி இயந்திரத்தைத் தள்ளிவிட நான் தயாரில்லை. தோடர் குடியிருப்பான மந்தில் பாடும்போது, பாட்டில் வருகிற ஆளும் எருமையும் இடமும் கேட்கிறவர்களுக்குத் தெரியும். பிசகினால் அங்கேயே பிடிபடும். உன் படங்களை அப்படிப் பிடிக்கத் தெரிந்தவர்கள் தைக்கிற பெண்கள்தான். அவர்களிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்பினால் பிசகு பிசகாகவே ஊர் சுற்றும்.

சட்டப் பக்கமும் பார்த்துக்கொள். தோடர் எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சடித்த துணிக்கு அந்தப் பெயரைப் போடாதே, 'தோடர் பாணி' என்று சுற்றி வளைத்தும் போடாதே. அமெரிக்காவில் மனிதர் கை இல்லாத படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று 2023-இல் தீர்ப்பாகி, 2025-இல் மேல்முறையீட்டிலும் உறுதியானது. இங்கே 1957 பதிப்புரிமைச் சட்டம், கணினியால் உருவான படைப்புக்கு அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு சமூகத்தின் உருவை உன்னுடையது என்று சொல்ல உனக்கு மனம் வராது, எனக்குத் தெரியும்.

புது உரு வேண்டுமென்றால் உரு போடுவதற்குத் தனிக் கூலி, தைப்பதற்குத் தனிக் கூலி என்று பேசு. இப்போது பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாக அடைத்துவிடுகிறார்கள். யோசித்த நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. மொத்தத் துணி எடுக்கும் முன் கால் மீட்டர் மட்டும் வாங்கி, அளவுகோலை வைத்து மூன்று இடங்களில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று ஊசி முனையால் எண்ணு. மூன்றும் ஒத்து வராவிட்டால் அந்தத் துணி வேண்டாம். ஒத்து வந்தால் துண்டை எனக்கு அனுப்பு, இங்கே தைக்கிறவர்களிடம் காட்டிக் கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
ரேவதி