மடித்துக் கட்ட முடியாத வேட்டி

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
சிம்மக்கல், மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: வெல்க்ரோ வேட்டிக்குக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டும், பெட்டியில் உள்ள வாசகத்தை மாற்றச் சொல்லியும்.

ஐயா,

சென்ற மாதம் உங்களிடம் ஆன்லைனில் எட்டு முழ வெல்க்ரோ வேட்டியும் கரைக்குப் பொருத்தமான சட்டையும் சேர்ந்த செட் ஒன்று வாங்கினேன். விலை 1,480 ரூபாய். துணி நல்ல துணி, அதில் குறை சொல்ல மாட்டேன். கரைதான் நான் கேட்ட பச்சையில் வராமல் வேறு நிறத்தில் வந்தது. எங்கள் ஊரில் கரையின் நிறத்தைப் பார்த்து ஆள் எந்தக் கட்சி என்று முடிவுகட்டிவிடுவார்கள். தெருவில் இரண்டு பேர், “அண்ணே, எப்ப சேந்தீக?” என்று கேட்டேவிட்டார்கள். சரி, அதை விடுங்கள். அதற்காக நான் கடிதம் எழுதவில்லை.

எனக்கு வேட்டி கட்டத் தெரியாமல் இல்லை. இருபது வயதிலிருந்து கட்டுகிறேன். உசிலம்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் தங்கையின் மகனுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். மேளம் முன்னால் போக, சீர்த்தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவில் நடந்து வர வேண்டும். அந்த நேரத்தில் இடுப்பில் கை வைக்க முடியாது. அதனால்தான் உங்கள் வேட்டியை வாங்கினேன். பெட்டியின் மேலேயே, “ஒட்டினால் போதும், நாள் முழுக்க நழுவாது” என்று போட்டிருந்தீர்கள். அதை நம்பினேன்.

அன்று நடந்தது இது. சீர்ச் சாமான்களை மினி வேனிலிருந்து நானும் மச்சினனும் இறக்கினோம். நல்ல வெயில், காலடியில் புழுதி. யாராக இருந்தாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் வேலை பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் கட்டியிருந்தேன். பந்தலுக்குள்ளிருந்து தங்கையின் மாமனார் எங்களை வரவேற்க வந்தார். எண்பது வயதுப் பெரியவர். பெரியவரைப் பார்த்ததும் மடித்துக் கட்டியதை இறக்கிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, கை தானாகப் போகும். எனக்கும் போனது. முடிச்சை அவிழ்த்துக் கரையைக் கீழே விட்டேன். சர்ர்ரென்று ஒரு சத்தம். கரையோடு சேர்ந்து இடுப்புப் பட்டையும் பிரிந்து வந்துவிட்டது.

நல்லவேளையாக இடது கையில் பிடித்துவிட்டேன். ஆனால் அவருக்கு ஒற்றைக் கையால் வணக்கம் வைக்க வேண்டியதாயிற்று. என் தங்கை வாழப்போன வீட்டின் மூத்தவருக்கு, அவருடைய வாசலிலேயே, ஒற்றைக் கையால் வணக்கம் வைத்தேன் ஐயா. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் வந்து, தன் இடுப்பிலிருந்த பச்சை பெல்ட்டைக் கழற்றி, “மாப்ள, கொஞ்சம் கையத் தூக்குங்க” என்று சொல்லி என் இடுப்பில் மாட்டி இறுக்கிவிட்டார். அந்த பெல்ட்டோடுதான் நான் சீர் சுமந்தேன். மருமகனை மடியில் வைத்துக் காது குத்தியதும் அந்த பெல்ட்டோடுதான். அவரோ பெல்ட் இல்லாமல், வெறும் கட்டிலேயே சாயங்காலம் வரை பந்திக்கும் பந்தலுக்கும் நடந்தார். எத்தனை தடவை மடித்தார், எத்தனை தடவை இறக்கினார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு விரல் அளவுகூட நழுவவில்லை.

வீட்டுக்கு வந்து வேட்டியை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். வெல்க்ரோவில் ஒரு பட்டை கொக்கி, இன்னொரு பட்டை வளையம். இடுப்பு 32 முதல் 40 வரை பொருந்தும் என்று போட்டிருக்கிறீர்கள். என் இடுப்பு 38. அந்த அளவுக்கு ஒட்டினால் கொக்கிப் பட்டையில் ஒன்றரை விரல் அகலம் வெளியே நிற்கிறது. மடித்துக் கட்டும்போது கரை நூல் அதில் போய் மாட்டிக்கொள்கிறது. வெல்க்ரோவைப் பக்கவாட்டில் இழுத்தால் தாங்கும், ஓரத்திலிருந்து உரித்தால் சட்டென்று வந்துவிடும். கரையை இறக்கும்போது அது ஓரத்திலிருந்துதான் உரிக்கிறது. போதாததற்கு, நீங்கள் வைத்த உள்பையில் போனைப் போட்டால் அதன் கனமும் அந்தப் பக்கத்தையே கீழே இழுக்கிறது. தைத்துக் கொடுத்தவர்கள் ஒரு தடவை மடித்துக் கட்டிப் பார்த்திருந்தால் போதும், இது தெரிந்திருக்கும்.

உங்கள் சேவை எண்ணுக்குப் பேசினேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிறகு வந்த பதிலில், மடித்துக் கட்டுவது இந்த வேட்டியின் ‘பயன்பாட்டு முறையில்’ சேராது, ஆகவே பணம் தர இயலாது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கொதித்துப்போனது அதைப் படித்துத்தான். மடிக்கவும் இறக்கவும் முடியாவிட்டால் அதற்கு வேட்டி என்று ஏன் பெயர்? வேலைக்கு மடிப்பது, மரியாதைக்கு இறக்குவது, இரண்டும் சேர்ந்ததுதானே வேட்டி கட்டுவது?

இடுப்புத் துணியை ஒருவர் எப்படிக் கட்டுகிறார் என்பது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை. காந்தி சட்டையையும் நீள வேட்டியையும் விட்டு முழங்காலுக்கு மேல் நிற்கும் துண்டுக்கு மாறியது 1921 செப்டம்பர் 22 அன்று, எங்கள் ஊர் மேலமாசி வீதியில் உள்ள ஒரு வீட்டில்தான். அந்த வீட்டைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகிறேன். வேட்டி கட்டி வருபவரைக் கிளப்பிலோ பொது அரங்கிலோ தடுக்கக் கூடாது என்று 2014இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. சட்டம் காப்பாற்றிக் கொடுத்த வேட்டியை நீங்கள் விற்கிறீர்கள். கொஞ்சம் பொறுப்போடு தைத்து விற்கக் கூடாதா?

1,480 ரூபாயை 15 நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள். கொக்கிப் பட்டையின் ஓரத்தைத் துணியால் மூடித் தைக்க ஏற்பாடு செய்யுங்கள், பெரிய செலவு ஆகாது. அதுவரை பெட்டியின் மேல், “மடித்துக் கட்டக் கூடாது” என்று பெரிய எழுத்தில் போடுங்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நம்பி வாங்குகிற இன்னொரு தாய்மாமன் தெரிந்துகொண்டு வாங்கட்டும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பதிவு செய்துவிட்டு, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

பெல்ட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த வாரம் நேரில் போய்க் கொடுக்கப்போகிறேன். இந்தத் தடவை விளக்குத்தூண் பக்கம் வாங்கிய சாதா எட்டு முழ வேட்டியைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வணக்கம் வைத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: பணம் கட்டிய ரசீதின் நகல், பிரிந்த பட்டையின் படங்கள் 2, உங்கள் பதிலின் நகல்.