கேப் டவுனுக்குப் பெட்டி வராது

அன்புள்ள கண்ணம்மா,

நாங்கள் இருவரும் நலம். அப்பாவின் முழங்காலைப் பற்றி மட்டும் தொலைபேசியில் கேட்டுவிடாதே. அரை மணி நேரம் போய்விடும்.

டிசம்பரில் மாப்பிள்ளை காரில் வந்து திரும்பும்போது நம் தேனீப் பெட்டிகளில் ஒன்றை ஏற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தாய். நீ பேரனுக்குச் சோறூட்டிக்கொண்டே பேசியதால் நானும் "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்தேன். பார்த்தாயிற்று. பெட்டி வராது. டர்பன் பக்கத்து நம் டோங்காட்டிலிருந்து உங்கள் கேப் டவுன் வீட்டுக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல். முன்னால் குழந்தை, பின்னால் ஆயிரக்கணக்கான தேனீக்கள் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் நான் மறுப்பது தூரத்துக்காக அல்ல. எங்கள் பக்கத்துத் தேனீ வேறு, உங்கள் பக்கத்துத் தேனீ வேறு. இரண்டையும் கலக்கவிடக் கூடாது.

இங்கே இருப்பது ஸ்குடெல்லாட்டா என்ற இனம், அங்கே இருப்பது கேப்பென்சிஸ் என்ற கேப் தேனீ. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, உங்களுடையது சற்றுக் கறுப்பு. குணத்தில்தான் விபரீதம். மற்ற தேனீ இனங்களில் ராணி இல்லாதபோது வேலைக்காரத் தேனீ முட்டையிட்டால் அதிலிருந்து ஆண் தேனீதான் வரும். கேப் வேலைக்காரியோ ஆணோடு சேராமலே பெண் தேனீயைப் பெற்றுவிடுவாள். 1990இல் சிலர் கேப் கூட்டங்களை லாரியில் ஏற்றி வடக்கே, நம் இனம் இருக்கும் பக்கம் கொண்டுபோனார்கள். அந்த வேலைக்காரிகள் வடக்கத்திப் பெட்டிகளுக்குள் நுழைந்து முட்டையிட்டார்கள். அந்த வீட்டுத் தேனீக்கள் தம் பிள்ளைகள் என்று நம்பி ஊட்டி வளர்த்தன. வளர்ந்தவை வயலுக்கும் போகவில்லை, புழுக்களையும் கவனிக்கவில்லை. உட்கார்ந்து தின்றன, மேலும் முட்டையிட்டன. பெட்டி பெட்டியாகக் கூட்டங்கள் அழிந்தன. பிறகு ஆய்வாளர்கள் மரபணுவைச் சோதித்தபோது, அத்தனை நாசத்தையும் செய்தவை ஒரே ஒரு வேலைக்காரியின் வழிவந்த நகல்கள் என்று தெரியவந்தது. ஒரே ஒருத்தி!

அதனால்தான் வரைபடத்தில் இரண்டு இனத்துக்கும் நடுவே கோடு போட்டிருக்கிறார்கள். 1983ஆம் ஆண்டு விவசாயப் பூச்சிகள் சட்டத்தின்கீழ், அனுமதியில்லாமல் அந்தக் கோட்டைத் தாண்டித் தேனீயைக் கொண்டுபோகக் கூடாது. "தெற்கிலிருந்து வடக்கே போனால்தானே ஆபத்து, நம் பெட்டி தெற்கே வருவதில் என்ன?" என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும். நம் கூட்டம் உங்கள் கொல்லையில் இறங்கினால், சுற்றியிருக்கும் கேப் வேலைக்காரிகள் விருந்துக்கு வருவதுபோல உள்ளே வந்துவிடுவார்கள். அழிவது நம் பெட்டிதான்.

இன்னொன்று. உனக்குக் கவிதை எழுதும் கை உண்டு. கோடு, குடிபெயர்வு, 1860, நம் ஆட்களை இந்தியாவிலிருந்து முதலில் ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் என்று இதை வைத்து ஒன்றும் எழுதிவிடாதே. தேனீக்குக் கோடு போட்டதற்குக் காரணம் இருக்கிறது. நிறவெறி அரசு உன் தாத்தாவைக் காட்டோ மேனர் தோட்டத்திலிருந்து கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப் போட்ட கோடு வேறு ஜாதி. அதற்கு ஒரு காரணமும் இல்லை. இரண்டையும் ஒரே வரியில் வைத்தால் தாத்தா எழுந்து வந்து கேட்பார்.

சரி, நீ என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். உங்கள் ஊரிலேயே வசந்தத்தில் கூட்டம் பிரிந்து வெளியே வரும். அடை கட்டுவதற்கான மரச்சட்டம் ஐந்து கொள்ளும் சிறிய மரப்பெட்டி ஒன்றைச் செய்து, உள்ளே தேன்மெழுகைத் தேய்த்து, தரையிலிருந்து உயரமான நிழலான இடத்தில் வைத்துவிட்டுக் காத்திரு. வந்தால் உன் அதிர்ஷ்டம். பெட்டி புதியதாக இருக்கட்டும். இணையத்தில் மலிவாக யாரோ விற்கும் பழைய பெட்டியையும் பழைய தேனடையையும் வாங்கிவிடாதே. அமெரிக்கன் ஃபவுல்புரூட் என்ற புழு அழுகல் நோய் 2009இல் உங்கள் மேற்குக் கேப்பில்தான் தலைகாட்டியது. அந்தக் கிருமியின் வித்துகள் பழைய மரத்திலும் மெழுகிலும் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வேளாண் துறையில் ஆண்டுதோறும் பதிவு செய்யவேண்டும், அதைத் தள்ளிப்போடாதே. இதற்கெல்லாம் முன்னால், இரு பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் போய்ப் பேசு. கையில் ஏதாவது பலகாரத்தோடு போ.

தண்ணீரும் வைக்கவேண்டும். அகலத் தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி, பெட்டி வருவதற்கு முன்பே வைத்துப் பழக்கு. இல்லாவிட்டால் அவை பக்கத்து வீட்டு நீச்சல் குளத்துக்குப் போகும், நீ கொண்டுபோன பலகாரம் வீணாகும். 2018 வறட்சியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று அளந்து செலவழித்த ஊர் உங்களுடையது. ஒரு தட்டுத் தண்ணீர் வைக்க உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே வசந்தம் வந்துவிட்டது. உங்களுக்குக் குளிர்காலத்தில் மழை கொட்டி, அது ஓயும்போது பூக்கள் வரும். எங்களுக்கு நேர்மாறு. ஆகஸ்டில் நிலம் வெடித்துக் கிடக்கும், மலைப்பக்கமிருந்து பெர்க் காற்று அனலாக இறங்கும், அறுவடைக்கு முன் கரும்புக் காட்டில் தீ வைத்த நாளில் கொடியில் காயும் வெள்ளைத் துணியெல்லாம் கரிப்பொட்டு வைத்துக்கொள்ளும். அந்த வறட்சியில்தான் லிச்சியும் அவகாடோவும் ஒரு சொட்டு மழைக்குக் காத்திராமல் பூக்கின்றன. மாமரம் அதற்கும் முன்பே பூத்துப் பிஞ்சு விட்டுவிட்டது. காலை எட்டு மணிக்கு லிச்சி மரத்தடியில் நின்றால் மேலே மோட்டார் ஓடுவதுபோல் இரைச்சல். அப்பா காபியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறார். தோட்டத்து வேலையெல்லாம் என் தலையில்.

மேட்டுப்பக்கம் கரும்பை எடுத்துவிட்டு மெக்கடேமியா கொட்டை மரம் வைத்திருக்கிறார்களே, அவர்கள் பூக்காலத்துக்குப் பெட்டிகள் கேட்டார்கள். இரவில் வாசலை அடைத்து, விடிவதற்குள் கொண்டுபோய் வைத்தோம். பகலில் மருந்து தெளிக்கக் கூடாது, தேனீ அடங்கிய பிறகு இரவில்தான் என்று முதலிலேயே பேசி எழுதி வாங்கிக்கொண்டேன். அப்பாவுக்கு இந்தக் கறார் பிடிக்கவில்லை. பிடிக்கவேண்டாம்.

பெட்டிகளில் இப்போது இடமே இல்லை. ராணி முட்டையிடும் வேகத்துக்கு அடையெல்லாம் புழு. மரச்சட்டத்தின் கீழ் விளிம்பில் புது ராணி வளரும் அறைகள் தொங்க ஆரம்பித்தால் பழைய ராணி மூட்டை கட்டுகிறாள் என்று அர்த்தம். முட்டையிட்ட நாளிலிருந்து புது ராணி வளர்ந்து அறையை விட்டு வெளியே வர சுமார் 16 நாள். பழையவள் அதுவரை காத்திருப்பதில்லை, அறை மூடியதுமே பாதிக் கூட்டத்தை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அதற்கு முன் மேலே தேனுக்கென்று இன்னொரு பெட்டி ஏற்றி இடம் கொடுக்கவேண்டும், அல்லது நாமே கூட்டத்தைப் பிரித்துவிடவேண்டும். நம் தேனீக்கு ஊர் விட்டு ஊர் போவதில் அலாதி ஆசை. கோபமும் அப்படித்தான். 1956இல் இந்த இனத்து ராணிகளைத்தான் பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். மறு ஆண்டே சில கூட்டங்கள் தப்பி ஓடி, 1990இல் டெக்சாஸ் வரை போய்ச் சேர்ந்தன. உலகப் புகழ் பெற்ற முன்கோபிகள் நம் கொல்லையில் குடியிருக்கிறார்கள் என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுகிறார்.

புரட்டாசி இங்கே வசந்தத்தில் விழுவதால் வீடு எப்போதும் ஆள் நடமாட்டம். தெருவே மாமிசம் விட்டிருக்கிறது. கீரைக்கு, பூசணிக்கு, வாழைக்காய்க்கு, சேம்பு இலைக்கு என்று வேலிப்பக்கம் யாராவது வந்து குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். காசு வாங்குவதில்லை, ஆனால் வெறும் கையோடு வருகிறவர்களை நான் கவனித்து வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை பூஜையன்று நடந்ததைக் கேள். முற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்து "கோவிந்தா" சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு கூட்டம் பிரிந்து வந்து, பலாமரத்துத் தாழ்ந்த கிளையில் தொங்கிவிட்டது. பெரியம்மா தட்டை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். ஒரு பெரியவர் டீசல் ஊற்றிக் கொளுத்தலாம் என்றார், புரட்டாசி சனிக்கிழமையில்! நான் முதலில் செய்தது, தாம்பாளத்து வாழைப்பழத்தை எடுத்து அடுப்படியில் வைத்ததுதான். சிரிக்காதே. கொட்டிய தேனீ மற்றவற்றுக்கு விடும் எச்சரிக்கை வாசனையில் இருக்கும் பொருளும், பழுத்த வாழைப்பழத்துக்கு மணம் தரும் பொருளும் ஒன்றுதான். அப்புறம் எல்லோரையும் உட்காரச் சொன்னேன். வீடு தேடித் தொங்கும் கூட்டத்துக்கு வயிறு நிறையத் தேன் இருக்கும்; காக்க வேண்டிய வீடோ குஞ்சோ இராது. யாரும் சீண்டாதவரை அது யாரையும் தொடுவதில்லை. நான்கைந்து பேர் நம்பி உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் ஜன்னலுக்கு உள்ளிருந்து பிரசாதம் கேட்டார்கள்.

பூஜை முடிந்ததும் வலைத் தொப்பி போட்டுக்கொண்டு, நம் சொந்தப் பழைய அடை வைத்த பெட்டியைக் கிளைக்குக் கீழே பிடித்து ஒரே உலுக்கு. பாதி விழுந்தது. ராணி பெட்டிக்குள் போய்விட்டாள் என்பது சற்று நேரத்தில் தெரிந்துவிடும்: வாசலில் வேலைக்காரிகள் வாலைத் தூக்கி, சிறகை விசிறி, மற்றவர்களைக் கூப்பிடுவார்கள். இருட்டும்வரை அங்கேயே விட்டுவிட்டு, பிறகு தூக்கிவந்து தாங்கியில் வைத்தேன். தாங்கியின் கால்கள் எண்ணெய் ஊற்றிய டப்பாக்களில் நிற்கின்றன, இல்லாவிட்டால் எறும்பு விடாது.

இதையெல்லாம் கடிதத்தில் எழுதலாம், கைக்கு வராது. கை பழகாமல் பெட்டி வாங்காதே என்பதுதான் நான் சொல்ல வந்தது. செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை வருகிறதே, பாரம்பரிய தினத்தை ஒட்டி வந்துவிடு. என்னோடு பெட்டி திற. புகைப்பானில் சாக்குத் துணியும் காய்ந்த சாணியும் போட்டு, சூடில்லாமல் குளிர்ந்த புகை வரவைக்கக் கற்றுக்கொள். ஒன்றிரண்டு கொட்டும். கொடுக்கை உடனே சுரண்டி எடுத்துவிடவேண்டும், நகத்தாலோ கத்தியாலோ என்பது முக்கியமில்லை, எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் கணக்கு. கை வீங்கினால் பயமில்லை. மூச்சு முட்டினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். மாப்பிள்ளைக்குச் சின்ன வயதில் ஏதோ கடித்து முகம் வீங்கியது என்று சம்பந்தியம்மா ஒருமுறை சொன்ன ஞாபகம். அதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொண்ட பிறகே பெட்டியைப் பற்றிப் பேசு. இதில் எனக்குச் சமாதானம் கிடையாது.

லிச்சித் தேன் அக்டோபரில் எடுப்பேன். மெழுகு மூடி போட்ட அடையை மட்டும்தான். மூடாததில் தண்ணீர் அதிகம், புளித்துப்போகும். கோயிலுக்கு ஒரு புட்டி, பக்கத்துத் தோட்டத்து ஜூலுப் பாட்டி கோகோவுக்கு ஒரு புட்டி, மீதியில் உனக்கு. ஓர் அடைத் துண்டை வேலிக் கம்பத்தில் வைக்கச் சொல்வார் கோகோ. காட்டில் தேன் காட்டும் பறவைக்குப் பங்கு வைக்காவிட்டால் அடுத்த முறை அது நம்மைப் பாம்பிடம் அழைத்துப் போகுமாம். நாங்கள் தேன் எடுப்பது பெட்டியில், பறவை எங்களுக்கு ஒன்றும் காட்டவில்லை. இருந்தாலும் வைக்கிறேன். எதற்கு வம்பு?

அப்பாவின் தோட்டத்தைப் பற்றி எழுதாவிட்டால் கோபித்துக்கொள்வார். முதல் மழை விழுந்ததும் மடும்பி என்கிற சேம்புக் கிழங்கு ஊன்றிவிட்டார். சுரைக்காய் பந்தலில் ஏறுகிறது. குரங்குகளோடு வழக்கமான யுத்தம். வலை கட்டினார், அவை வலைக்குக் கீழே வழி கண்டுபிடித்தன. ஜூலுவில் திட்டிப் பார்த்தார், தமிழில் திட்டிப் பார்த்தார். இப்போது வேலி ஓரத்தில் அவற்றுக்கென்று ஒரு வரிசை சோளம் போட்டிருக்கிறார், அதைத் தின்றுவிட்டு இதையும் தின்கின்றன.

டபுள் பீன்ஸ் விதை உனக்காகக் காயவைத்திருக்கிறார். வெள்ளையா, சிவப்புப் புள்ளி போட்டதா என்று கேட்கச் சொன்னார். வெள்ளை நன்றாகக் குழையும். புள்ளி போட்டது கறிக்கு ருசி, ஆனால் கொடி முரடு, உங்கள் காற்றுக்குப் பலமான பந்தல் வேண்டும். எது வேண்டும் என்று இந்த வாரமே சொல். தாமதித்தால் இரண்டையும் தாமே நட்டுவிடுவார்.

அன்புடன்,
அம்மா