மௌரியருக்குப் பின் வந்த ஐந்நூறு ஆண்டுகளுக்கு ஒரு பக்கம் போதாது

வரலாற்றுப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். பள்ளியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன்.

கி.மு. 185 அளவில் கடைசி மௌரிய மன்னர் பிருகத்ரதரை அவருடைய சேனாபதி புஷ்யமித்திர சுங்கர் கொன்றார் என்பதோடு எங்கள் வகுப்பு நூலில் மௌரியர் பாடம் முடிகிறது. அடுத்த பக்கத்தில் சுங்கர், கண்வர், சாதவாகனர், இந்தோ-கிரேக்கர், சகர், குஷாணர் என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்தைத் திருப்பினால் குப்தர் வந்துவிடுகிறார்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி, "சுங்கர் ஆட்சி முடிந்த பிறகுதான் கிரேக்கர் வந்தார்களா, டீச்சர்?" என்று கேட்டாள். நூல் அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தது. ஆனால் தட்சசீலத்துக் கிரேக்க மன்னர் அந்தியால்கிதசின் தூதர் ஹெலியோடோரஸ், விதிசையில் ஆண்ட பாகபத்திரரின் அவைக்கு வந்து, அங்கே வாசுதேவனுக்குக் கருடத் தூண் நட்டிருக்கிறார். பாகபத்திரரைச் சுங்கர் மரபினர் என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். விதிசையை ஒட்டிய பெஸ்நகரில் இன்றும் நிற்கும் அந்தத் தூணின் படம் ஒன்று இருந்தால், இந்த அரசுகள் ஒரே காலத்தில் அருகருகே ஆண்டவை என்பதைக் குழந்தைகள் தாமே கண்டுகொள்வார்கள்.

நான் மிகவும் வேண்டுவது ஒரு நாணயத்தை. 1906இல் நாசிக் பகுதியில் ஜோகல்தம்பி என்னும் ஊரில் 13,000க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் கிடைத்தன. எல்லாம் சக மரபைச் சேர்ந்த சத்திரபர், அதாவது மாகாண ஆட்சியாளர், நகபானரின் காசுகள்; அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின்மேல் சாதவாகன மன்னர் கௌதமிபுத்திர சதகர்ணி தம் முத்திரையை மறுபடி அடித்திருக்கிறார். வளைவு வளைவாக அடுக்கிய மலைச் சின்னத்தின் கீழே நகபானரின் மூக்கும் கன்னமும், ஓரத்தில் அரைகுறையாகக் கிரேக்க எழுத்துகளும் சில காசுகளில் இன்னும் தெரிகின்றன. உருக்கி வார்க்காமல் இருக்கும் காசின் மேலேயே அடித்ததால், தோற்றவரின் முகத்தோடு வென்றவரின் சின்னமும் ஒரே வெள்ளித்துண்டில் தங்கிவிட்டது. அதைப் பார்க்கும் மாணவனுக்கு ஆட்சி மாற்றத்தைப் பற்றி நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கௌதமிபுத்திரரின் தாய் கௌதமி பாலஸ்ரீ, பேரன் புலுமாவியின் 19ஆம் ஆட்சியாண்டில் நாசிக் குகையில் பொறித்த கல்வெட்டையும் சேர்க்க வேண்டும். இறந்த மகன் சகரையும் யவனர் என்னும் கிரேக்கரையும் பகலவர் என்னும் பார்த்தியரையும் அழித்தவன், நிகரற்ற பிராமணன் என்று அதில் புகழ்கிறார். குகையையோ பௌத்தத் துறவியருக்கு வழங்குகிறார். ஒரு மரபுக்கு ஒரு சமயம் என்று எழுதும் வழக்கத்தை இந்த ஒரு கல்வெட்டே திருத்திவிடும். பிற்காலச் சாதவாகனரின் வெள்ளிக்காசுகளில் ஒரு புறம் பிராகிருதமும் மறுபுறம் தமிழ் என்று பலர் படிக்கும் எழுத்தும் இருப்பதை நம் மாணவர் இப்பாடத்தில் அறியாமல் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

கண்வர் நால்வர், 45 ஆண்டுகள் என்பது புராணக் கணக்கு. அதற்கு ஒரு வரி போதும். மிஞ்சும் இடத்தில் இந்தத் தூணும் காசும் கல்வெட்டும், எல்லா மரபுகளையும் அருகருகே காட்டும் ஒரு காலக்கோடும் அடுத்த பதிப்பில் இடம்பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன். குழு விரும்பினால், வகுப்பில் பயன்படுத்த நான் வரைந்து வைத்திருக்கும் காலக்கோட்டை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியை