பெட்டி கேட்டு எழுதியிருந்தாய்

அன்பு மகனுக்கு,

நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ திரும்பக் கூடியிருக்கிறது. உன் மெசேஜ் கிடைத்தது. "அப்பா, இன்னொரு பெட்டி அனுப்புங்கோ" என்று ஒரே வரி. அத்தான் காரில் கொண்டுவந்து தந்தது பன்னிரண்டு வைன் போத்தல் உள்ள பெட்டி. வேலையிடத்து நண்பர்களுக்குக் கொடுத்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

இப்போது லண்டனுக்கு வைன் அனுப்புவது முன்புபோல இல்லை. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு வரி, கடதாசி வேலை என்று போத்தலின் விலையை விடச் செலவு கூடிவிடும். ஏழு யூரோ போத்தலுக்கு அது தேவையா, சொல்.

இங்கே சிசிலியில் வெந்தேமியா, திராட்சை அறுவடை, நடக்கிறது. வெள்ளைப் பழம் ஓகஸ்டிலேயே வெட்டி முடிந்தது, இப்போது நெரோ தாவோலா என்ற கறுப்புப் பழம். கம்போரெயாலே மேட்டுத் தோட்டத்தில் விடியமுன்னமே இறங்கிவிடுகிறோம். வெயில் ஏறினால் வெட்டின பழம் பெட்டியிலேயே சூடாகிவிடும். பிறகு நசித்த சாறு ஒரு கிழமைக்கு மேல் தோலோடு கிடந்து பொங்கும். தோல் மேலே மிதந்து தடித்துக் கட்டியாகும். அடியில் இருக்கிற சாற்றை பம்பால் எடுத்துக் காலையும் மாலையும் அதன்மேல் ஊற்றி நனைக்கவேண்டும். காயவிட்டால் வினாகிரி மணம் வந்துவிடும். மரப்பீப்பா ஒன்றும் இல்லை, ஸ்டீல் தாங்கியில் கிடந்து அடுத்த வசந்தத்தில் போத்தலுக்கு வரும்.

முதலாளி வீட்டுக் கிழவரின் தகப்பன் காலத்தில் இந்தப் பழமெல்லாம் வைன் செய்கிற கூட்டுறவுக் கந்தீனாவுக்குத்தான் போனது. அங்கிருந்து வைனாகி இத்தாலியின் வடக்குக்கும் பிரான்சுக்கும் கப்பலில் போகும், அவர்களுடைய வெளிறிய வைனுக்கு நிறமும் வலுவும் கொடுக்க. சிசிலி என்ற பெயர் எங்கும் இருக்காது. 1830 முதல் ரெகலேயாலியில் நிலம் வைத்திருக்கிற தஸ்கா போன்ற பெரிய குடும்பங்களின் கதை வேறு. எங்கள் முதலாளி வீட்டைப் போன்ற சின்னக் குடும்பங்கள் தங்கள் பெயரில் போத்தல் போடத் துணிந்தது பிந்தித்தான். 2011இல் சிசிலியா டொக், அதாவது சிசிலி வைன் என்ற சட்டப்படியான பெயர், கிடைத்து, அந்தப் பெயரோடு வந்த முதல் லேபிளை மெஷினில் ஏற்றியது நீ. பள்ளிக்கூட லீவில் வந்து நின்றாய். பின்பக்க இங்கிலீஷ் வசனமும் உன்னுடையதுதான். முதலாளி வீட்டுச் சிஞ்ஞோரா அம்மா இன்றைக்கும் வருகிறவர்களுக்கு அதைக் காட்டி "எங்கள் பொடியன் எழுதியது" என்பார். எனக்கு அந்த நேரம் வாயில் பேச்சு வராது. அப்படிப்பட்ட மனுசிக்கு நத்தாருக்கு ஒரு வாழ்த்துக்கூட நீ அனுப்பவில்லை.

அந்த வீட்டார் இதை எப்படிக் குடிக்கிறார்கள் என்று சின்ன வயதிலேயே பார்த்தவன் நீ. பாஸ்தா வந்த பிறகுதான் போத்தல் மேசைக்கு வரும். கிழவர் தண்ணீர் குடிக்கிற சின்னக் கிளாசில் அரைவாசி ஊற்றுவார், சாப்பாடு முடியப் போத்தலை மூடி அலமாரிக்குள் வைத்துவிடுவார். ஊர்ச்சனம் ஐந்து லீட்டர் கேனோடு வந்து ஊற்றிக்கொண்டு போவதும் வீட்டுச் சாப்பாட்டுக்குத்தான். சாப்பாடு இல்லாமல் போத்தல் மட்டும் நிற்பதை அந்த மேசையில் நான் கண்டதில்லை.

நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? நீ மெலிந்துவிட்டாய் என்று அத்தான் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சோறு வை. ஒரு பருப்பு, ஒரு முட்டைப் பொரியல் போதும். கடையில் வாங்கித் தின்னாதே, சோறு வை.

புதுப் பொடியங்களுக்கு முதலாளியின் மகன் தாங்கி கழுவக் காட்டிக்கொடுத்தான். சாறு பொங்கும்போது ஒரு லீட்டரிலிருந்து நாற்பது லீட்டருக்கு மேல் வாயு வரும். நிறம் இல்லை, காற்றை விடப் பாரம், அடியில் தங்கிவிடும். உள்ளே இறங்கினவனுக்குத் தலை சுற்றுகிறதென்று விளங்கமுன் கால் மடங்கிவிடும். அதனால் ஒருவரும் தனியாக இறங்கக்கூடாது. வாசலில் ஒரு ஆள் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும், உள்ளே இருக்கிறவன் பதில் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். பதில் நின்றால் பின்னால் குதிக்கவும் கூடாது. காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து செத்திருக்கிறார்கள். இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுக்கவேண்டும். அவன் சொல்லச் சொல்ல, நீ போன் எடுக்காமல் விட்ட கிழமைகள்தான் எனக்கு நினைவு வந்தது.

செப்டெம்பர் 4 அம்மா பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்காக மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறினாள். எங்கள் சனம் நிறைய வந்திருந்தது. இந்த முறை அவள் வெறுங்காலோடு ஏறினாள், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. என்ன நேர்த்தி என்று கேட்டேன், சொல்லவில்லை.

பெட்டி நான் அனுப்பவில்லை. வரியை விட்டுவிடு, அதற்காக இல்லை. ஒக்டோபர் கடைசியில் நீ வா. வெந்தேமியா முடிந்து கந்தீனா முற்றத்தில் எல்லோருக்கும் சாப்பாடு போடுவார்கள், என் பக்கத்தில் இருந்து குடி. டிக்கெட் காசு நான் தருகிறேன். லீவு கிடைக்காவிட்டால் சொல், நான் வந்து உன்னோடு இருந்து சமைத்துத் தருகிறேன். வேலையை விட்டுவிட்டும் வருவேன். அதைப் பற்றி முதலாளியிடம் கதைத்துவிட்டேன்.

நீ இன்னொரு பெட்டி கேட்டது அம்மாவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் எடு. காலையில் எடு.

அன்புடன்,
அப்பா