பேட்டா கொடுக்கிறார்களா?

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் சுகம். வாட்ஸ்அப்பில் போட்டால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை, அதனால்தான் கடுதாசி. உன் அம்மாதான் தினமும் கேட்கிறாள், நான் ஒன்றும் கேட்கவில்லை.

கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் போயிருந்தேன். டிலைட் தியேட்டரை இடித்த பிறகு அந்த வழியே போகப் பிடிப்பதில்லை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கட்டிய வெரைட்டி ஹால் அல்லவா? இப்போது ரோட்டுக்குப் பேர் மட்டும் இருக்கிறது. அவரைப் பற்றிப் பேசி நீ பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பையை அம்மா இன்னும் ஷோகேஸில்தான் வைத்திருக்கிறாள். திருச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்தவர், 1905-ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரும் படச்சுருளும் வாங்கினார், வேலையை உதறினார், ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். சினிமாவுக்குப் போகிறேன் என்று பெரியப்பா முன்னால் வைத்து அன்று ராத்திரி நீ என்னிடம் சொன்னதும் இதைத்தானே?

நீ சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அந்த மனுஷன் சினிமாவை மட்டும் நம்பி உட்காரவில்லை. கரண்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டு, அதை வைத்து அச்சகம் நடத்தினார், மாவு மில்லும் நடத்தினார். கூட்டம் வராத நாளிலும் மாவு அரைபட்டிருக்கும். 1933-ல் 'வள்ளி திருமணம்' எடுக்கக் கல்கத்தா வரை போனார் என்றால் சும்மாவா? நீ எடிட்டிங் படித்தவன். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுவதில் ஒரு கேவலமும் இல்லை. சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன்.

பொள்ளாச்சி ஷூட்டிங் ஷெட்யூல் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னாய். யூனிட் பாதியிலேயே கிளம்பிவிட்டது என்கிறார் ஆனைமலைச் சித்தப்பா. அவர் எதையாவது சொல்வார். அம்மாவிடம் ஆழியாறு என்று சொல்லிவிட்டுச் சேத்துமடைக்குப் போனேன். தோப்புக்குள் ட்ராலி தண்டவாளம் அழுத்திய தடம் அப்படியே இருக்கிறது, வாழை மரத்தில் லைட் கட்டிய கயிறுகூட அவிழ்க்காமல் தொங்குகிறது. முடித்துவிட்டுப் போகிறவர்கள் கயிற்றை விட்டுவிட்டுப் போவார்களா, எனக்குத் தெரியாது. டீக்கடைக்காரர் பாக்கியைச் சொல்லிப் புலம்பினார். "கண்ணாடி போட்ட அசிஸ்டண்ட் தம்பி ஒருத்தர் மட்டும் தன் கணக்கைத் தீர்த்துட்டுப் போனாருங்க" என்றார். நான் யார் என்று சொல்லவில்லை. இன்னொரு டீ குடித்தேன், சர்க்கரை போட்டு. டாக்டரிடம் சொல்லாதே.

ஆனால் எந்தக் காசில் தீர்த்தாய்? தினப்படிப் பேட்டா ஒழுங்காகக் கொடுக்கிறார்களா? போன மாசம் நான் அனுப்பியதையும் திருப்பி அனுப்பிவிட்டாய். ரோஷம் இருக்கட்டும், பட்டினி கிடந்து ரோஷம் வேண்டாம். சமத்தூர் அரண்மனையில் ஷூட்டிங் பார்க்கக் கூட்டிப் போனபோது, யூனிட் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தே தீருவேன் என்று அழுதவன் நீ. வேளைக்குச் சாப்பிடு.

மாமா பெண் நிச்சயம் தையில். அப்புறம் எழுதுகிறேன்.

அம்மா பருப்புப் பொடியும் கடலை உருண்டையும் கட்டி வைத்திருக்கிறாள். சாலிக்கிராமம் முகவரிக்குத்தான் அனுப்பப்போகிறேன். அறை மாறியிருந்தால், வெள்ளிக்கிழமைக்குள் அம்மாவுக்கு ஒரு போன் போடு. எனக்கு வேண்டாம், அவளுக்குப் போடு.

அப்பா

எடிட்டிங் சர்டிபிகேட் இங்கே பீரோவில் இருக்கிறது. வேண்டுமானால் பார்சலிலேயே வைத்துவிடுகிறேன்.