எடை குறையவில்லை, சதை கரைந்தது

ஆசிரியருக்கு வணக்கம். மூளைக்கட்டி சிகிச்சை பற்றிய கட்டுரையில் உணவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் அண்ணனுக்குக் கட்டி வந்தபோது, எடை குறையவில்லையே என்று நிம்மதியாக இருந்தோம். மூளை வீக்கத்துக்குக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து முகத்தை உப்பவைத்து, தொடைச் சதையைக் கரைத்துக்கொண்டிருந்தது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாதபோதுதான் உறைத்தது. எடை மெஷின் இதையெல்லாம் சொல்லாது.

கிளியோபிளாஸ்டோமா என்ற வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டி நோயாளிகளிடம் நடந்த பல ஆய்வுகளில், அறுவைக்கு முன் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைவாக இருந்தவர்களின் ஆயுளும் குறைவாகவே இருந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் நெற்றிப்பொட்டுத் தசையின் தடிமனைக்கூட, உடலில் தசை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று கணிக்க அளக்கிறார்கள். உணவுக் குறைவால் மட்டுமல்ல, அழற்சியாலும் ஆல்புமின் குறையும்; அதனால் புரதம் ஊட்டினாலே ஆயுள் நீளும் என்று சொல்லவரவில்லை. ஆனால் விழுங்கும்போது புரையேறுகிறதா, தசை கரைகிறதா என்று முதல் வாரமே பார்க்க ஓர் உணவியல் நிபுணர் வேண்டாமா? எங்களை ஒருவரிடம் அனுப்பியது நான்காவது மாதம்.

– ஒரு வாசகர்