பதின்பருவத்தினரும் வீட்டுச் சாப்பாடும்: கட்டுரையில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத்தோடு சேர்ந்து சாப்பிட்டால் பதின்பருவப் பிள்ளைகளின் உணவுப் பழக்கம் சீராகும் என்ற கட்டுரையைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். சொன்னது சரிதான். ஆனால் 'தினமும் இரவு எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள்' என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. வேலையும் தனி வகுப்பும் இரவு ஒன்பது மணி வரை இழுத்தடிக்கும் வீடுகளில் இந்த அறிவுரை குற்ற உணர்ச்சியை வளர்க்குமே தவிர வேறொன்றும் செய்யாது.

தினமும் என்ற கட்டாயமே தேவையில்லை. 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வொன்று 2011இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வெளியானது. வாரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ குடும்பத்தோடு சாப்பிடும் பிள்ளைகளிடம் அதிக உடல் எடைக்கான வாய்ப்பு 12 சதவீதமும், பட்டினி கிடப்பது, வேண்டுமென்றே வாந்தி எடுப்பது போன்ற உணவுக் கோளாறுகளுக்கான வாய்ப்பு 35 சதவீதமும் குறைவாக இருந்ததாக அது சொல்கிறது. அந்த மூன்றும் இரவு உணவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காலை உணவாகவோ விடுமுறை நாள் மதிய உணவாகவோ இருக்கலாம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: இந்த எண்கள் தொடர்பைக் காட்டுகின்றன, காரணத்தை நிரூபிக்கவில்லை. ஏற்கெனவே இணக்கமாக இருக்கும் வீடுகளில்தான் சேர்ந்து சாப்பிடுவதும் எளிதாக நடக்கிறது. ஏழு நாளும் சண்டை போட்டுக்கொண்டே சாப்பிடும் வீட்டுக்கு இந்தப் பலன் தானாக வந்துவிடாது.

பெரும்பாலான வீடுகளில் சேர்ந்து சாப்பிடும் திட்டம் உடைவது இரவில் அல்ல, மாலை ஐந்து மணிக்கு. பெண் பிள்ளைகள் 12 வயதையொட்டியும் ஆண் பிள்ளைகள் 14 வயதையொட்டியும் மிக வேகமாக வளர்கிறார்கள். பள்ளிவிட்டு வரும்போது அவர்களுக்கு இருப்பது உண்மையான பசி. அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது பொரித்த பாக்கெட் தீனியும் இனிப்புப் பானமும். 330 மில்லி குளிர்பானத்தில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. சேர்க்கப்பட்ட சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதிலும் பாதியாகக் குறைத்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2000 கலோரிக்குக் கணக்கிட்டால் உச்சவரம்பு 50 கிராம், நல்ல அளவு 25 கிராம். ஒரே பானத்தில் நல்ல அளவு தாண்டிவிடுகிறது. விளைவு, எட்டு மணிக்குப் பசி இல்லை, பதினொரு மணிக்கு மறுபடி பசி, மறுபடி பாக்கெட், தூங்கத் தாமதம், காலையில் எதுவும் இறங்குவதில்லை. பெற்றோர் கண்ணில் படுவதோ இரவில் தட்டில் மிச்சம் வைப்பது மட்டும்தான். திட்டும் அதற்குத்தான் விழுகிறது.

மாலைத் தீனியைத் தடை செய்வதால் பயனில்லை. அதை அரை வேளைச் சாப்பாடாகவே நினைத்துத் தயார் செய்து வையுங்கள். வேகவைத்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் பயறுச் சுண்டல், ஒரு பழம், ஒரு டம்ளர் பால். அதிலிருந்து இரண்டரை, மூன்று மணி நேரம் கழித்து இரவுச் சாப்பாடு. ஒன்பது மணிக்கு முன் எல்லோரும் கூட முடியாது என்றால் வரிசையை மாற்றலாம்: கனமான உணவை மாலையிலேயே கொடுத்துவிட்டு, இரவில் எல்லோருமாக லேசாக எதையாவது சாப்பிடுங்கள். கூடி உட்காருவது அதிலும் நடந்துவிடுகிறது.

அடுத்து, காய்கறி. பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் நாளுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும். உருளைக்கிழங்கு போன்ற மாவுக் கிழங்குகள் இந்தக் கணக்கில் வராது. நான்கு பேர் என்றால் நாளுக்கு 1.6 கிலோ. தோல், காம்பு, விதை கழிந்தபின் இந்த அளவு நிற்க வேண்டுமானால் இரண்டு கிலோ அளவுக்கு வாங்கியாக வேண்டும். 'பிள்ளை காய் சாப்பிடுவதில்லை' என்று சொல்லும் பல வீடுகளில் சமைப்பதே அதில் பாதிதான்.

சமைக்கும் விதத்திலும் கோளாறு உண்டு. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வகையறாக்களை நெடுநேரம் வேகவிட்டால் கந்தகச் சேர்மங்கள் பெருகி வாடை அடிக்கும். பிள்ளைகள் 'பிடிக்கவில்லை' என்பது பல நேரம் காயை அல்ல, அந்த வாடையையும் குழைந்த பதத்தையும்தான். ஒரே அளவாக நறுக்கி, அகலமான பாத்திரத்தில், மூடாமல், நல்ல சூட்டில் ஐந்து முதல் ஏழு நிமிடம் வதக்கினால் போதும். சின்ன பாத்திரத்தில் அமுக்கிப் போட்டால் காய் தன் நீரிலேயே வெந்து சொதசொதவென்று ஆகிவிடும். உப்பை இறுதியில் பாதி போட்டு, சுவைத்துப் பார்த்து, வேண்டுமானால் மீதியைச் சேர்க்கலாம்.

பரிமாறும் வரிசையும் வேலை செய்கிறது. நறுக்கிய பச்சைக் காயையும் பழத்தையும் மற்ற உணவுக்குப் பத்து நிமிடம் முன்பே, பசி உச்சத்தில் இருக்கும்போது, நடுவில் வைத்துவிடுங்கள். உட்காரும் நேரமும் கணக்கில் வருகிறது. பெர்லினில் 50 பெற்றோர்-பிள்ளை இணைகளை வைத்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சுமார் 20 நிமிடத்தோடு மேலும் 10 நிமிடம் உட்கார்ந்தபோது பிள்ளைகள் காயும் பழமும் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ரொட்டியோ இனிப்போ கூடவில்லை. அவர்கள் 6 முதல் 11 வயதுள்ள சிறுவர்கள் என்றாலும், அரை மணி நேரம் உட்காருவது பெரிய பிள்ளைகளுக்கும் வீண் போகாது. அந்த அரை மணியும் தொலைக்காட்சி அணைந்திருக்க வேண்டும். கைபேசிகள் வேறு அறையில் இருக்க வேண்டும், அப்பா அம்மாவுடையதும் சேர்த்து. இந்த விதியை முதலில் மீறுவது பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

இனி, தட்டில் யார் அதிகாரம் என்ற கேள்வி. அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் வகுத்த பொறுப்புப் பகிர்வு இதற்கு நல்ல வழிகாட்டி. என்ன சமைப்பது, எப்போது, எங்கே என்பது பெற்றோர் முடிவு. அதில் சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. எனவே பாத்திரங்களை நடுவில் வைத்துத் தானே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொருவர் போட்டுக் கொடுத்த தட்டை முடிக்கச் சொல்வது, வயிறு நிறைந்ததை உணரும் திறனைத்தான் மழுங்கடிக்கும். ஒருவருக்காகத் தனிச் சமையல் வேண்டாம். ஆனால் எல்லோரும் நிச்சயம் சாப்பிடும் ஒரு பண்டமாவது எப்போதும் இருக்கட்டும்.

சாப்பிடும்போது மதிப்பெண்ணும் நடத்தையும் பேச்சில் வேண்டாம், அவை வேறு நேரத்துக்குரியவை. எடையைப் பற்றிப் பேசவே வேண்டாம், கேலியாகக்கூட. வீட்டில் எடையைச் சொல்லிக் கேலி செய்யப்படும் பிள்ளைகளிடம் எடை குறையப் பட்டினி கிடப்பதும் அளவு மீறித் தின்பதும் கூடுதலாகக் காணப்படுகின்றன.

வாரம் ஒரு வேளைச் சமையலைப் பிள்ளையிடமே விடலாம். என்ன செய்வது என்று தீர்மானிப்பது, வாங்குவது, சமைப்பது எல்லாம் சேர்த்து. முதல் தடவை ஆறு பொருளுக்கு மேல் தேவைப்படாத ஒரே பண்டம் போதும். பக்கத்தில் நின்று கரண்டியைப் பிடுங்காதீர்கள்.

மாதவிடாய் தொடங்கிய பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துத் தேவை ஆண் பிள்ளைகளைவிட அதிகம். பயறு, கீரையோடு எலுமிச்சை போன்ற புளிப்புப் பழம் சேர்ந்தால் அந்தச் சத்து உடலில் நன்றாகச் சேரும். தேநீரும் காபியும் அதைத் தடுப்பதால், சாப்பாட்டுக்கும் அவற்றுக்கும் ஒரு மணி நேர இடைவெளி வேண்டும்.

கட்டுரை தொடாத ஒன்று, சேர்ந்து சாப்பிடுவதைப் பிள்ளை தவிர்க்கத் தொடங்கும் நிலை. 'வெளியே சாப்பிட்டுவிட்டேன்' என்ற பதில் அடிக்கடி வருவது, ஒவ்வொரு உணவு வகையாக விலக்குவது, சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போவது, எடை இறங்குவது, மாதவிடாய் நின்றுபோவது ஆகியவை தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இவை உணவுக் கோளாறு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். மேலே சொன்ன பொறுப்புப் பகிர்வு அந்த நோய்க்குப் பொருந்தாது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பச் சிகிச்சை முறையில், தொடக்கக் கட்டத்தில் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதையும் பெற்றோரே முடிவு செய்து, ஒவ்வொரு வேளையும் உடன் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறார்கள். எடை மீண்ட பிறகே அந்தப் பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையிடம் திரும்புகிறது.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர் ஒருவர்